நாலு ஆமா

அந்தப் பெண்ணிடம் எதைக் கேட்டாலும் ஆமா என்றுதான் பதில் வரும். சாப்பிட்டாயா என்றால் ஆமா. இன்னும் சாப்பிடவில்லையா என்றால் அதற்கும் ஆமா. மழை வருமா, ஆமா. மழை வராதா, ஆமா. வயது பதினைந்து ஆகிறது, பார்க்கிறவர்கள் பத்து, பதினொன்றுக்கு மேல் சொல்ல மாட்டார்கள். ஆமா சொல்கிறவள், நடையும் மெதுவு, ஆகவே வகுப்பில் ஆமை என்று பெயர் வைத்துவிட்டார்கள். பாடத்தில் ஓடாத மூளையெல்லாம் பட்டப்பெயர் வைப்பதில் எப்படித்தான் ஓடுமோ. அவளும் அந்தப் பெயருக்குத் திரும்பிப் பார்த்துச் சிரிப்பாள். வீட்டில் அவள் குட்டி.

அவள் பொய் சொல்கிறாள் என்று நினைத்துவிடக் கூடாது. எதிரில் நிற்கிறவர் முகத்துக்கு என்ன பதில் வேண்டியிருக்கிறதோ அதை எடுத்துக் கொடுத்துவிடுவாள், அவ்வளவுதான். காலையில் சொல்லிக்கொடுத்த கணக்கு மத்தியானம் நினைவில் இருக்காது. நாளைக்கு என்றால் எத்தனை தூரம் என்று தெரியாது. சொன்னதைச் சொன்னபடியே செய்வாள். பால் பொங்குகிறதா பாரு என்றால் பொங்கி வழிந்து அடுப்பு அணைகிறவரை பார்த்துக்கொண்டே நிற்பாள். பார்க்கத்தானே சொன்னார்கள்.

அவளுடைய அம்மா ஒரு பெரிய ஆஸ்பத்திரியின் சலவைக்கூடத்தில் வேலை பார்க்கிறாள். கட்டடத்தின் அடித்தளத்தில், ஜன்னல் இல்லாத நீள அறை. ஒரு பக்கம் ஆள் நுழையும் வாயோடு ஆறு எந்திரங்கள், மறு பக்கம் விரிப்புகளை உள்ளே இழுத்து மறுபுறம் துப்பும் சூட்டு உருளை. நடுவில் பிரித்துப்போடும் மேஜை. மழைக்காலம், வெயில்காலம் எல்லாம் மேலே இருப்பவர்களுக்குத்தான். கீழே வருஷம் முழுக்க ஆவியும் சோப்பு நெடியும். பதினாலு வருஷமாக அங்கே நிற்கிறாள். உள்ளங்கை தோல் உரிந்து உரிந்து கைரேகை மழுங்கிவிட்டது. வருகைப் பதிவு எந்திரம் அவள் விரலை மட்டும் ஏற்றுக்கொள்ளாது. "நீ ஒரு நாள் பேங்க்ல புகுந்தா கூட பிடிக்க முடியாதுடி" என்று கூட மடிக்கிறவள் கேலி செய்வாள்.

அந்த மேஜைக்கு ஒரு சட்டம் உண்டு. மூட்டைகளை நாடாவால் கட்டுவார்கள், நாடாவின் நிறம்தான் பேச்சு. சிவப்பு என்றால் தொடாதே, நோய்த் துணி, அப்படியே கொதிநீருக்குப் போகணும். பச்சை என்றால் முடிந்தது, எடுத்துக்கொண்டு போகலாம். மஞ்சள் என்றால் கறை போகவில்லை, மறுபடி போடணும். எந்திரச் சத்தத்தில் ஒருவர் பேசுவது ஒருவருக்குக் கேட்காது. அதனால் வந்த ஏற்பாடு.

குட்டியைப் பார்த்துக்கொள்ள ஆளில்லாமல் நாலு வயதிலிருந்து அங்கேதான் கொண்டுவந்து உட்காரவைத்தாள். எழுத்து ஏறாத அந்தத் தலையில் இந்த மூன்று நிறமும் ஏறி உட்கார்ந்துவிட்டன. ஒரு தடவைகூடத் தப்பியதில்லை. அதைக் கவனித்த நாளில் அம்மாக்காரிக்குப் புதையல் கிடைத்த மாதிரி இருந்தது. வீட்டுக்கு நாடாத் துண்டுகளைக் கொண்டுபோனாள். அடுப்புக் குமிழில் சிவப்பு. மருந்து டப்பாவில் சிவப்பு. குட்டியின் சட்டை அலமாரியில், தண்ணீர் பாட்டிலில், சாவியில் பச்சை. முடிக்காத வீட்டுப்பாட நோட்டில் மஞ்சள். குட்டி கையைச் சுட்டுக்கொள்வது அன்றோடு நின்றது.

பள்ளிக்கூடத்துக்கும் அதைக் கொண்டுபோனது பக்கத்து டீச்சர். வாரத்தில் இரண்டு நாள் மட்டும் வந்து, குட்டியின் பக்கத்தில் உட்கார்ந்து பாடத்தைப் பிட்டுப் பிட்டுக் கொடுக்கிறவர். பக்கத்தில் உட்காருவதால் குட்டி அவருக்கு வைத்த பெயர் அது. நல்ல மனுஷி, மெதுவாகப் பேசுவார், ஆனால் ஒரு விஷயத்தில் கறார்.

"ஆமா, இல்லைன்னு பதில் வர்ற கேள்விய அவகிட்ட கேக்கவே கேக்காதீங்க," என்பார். "எதுன்னு கேளுங்க. ரெண்டு மூணு பொருளை முன்னாடி வச்சுட்டுக் கேளுங்க. ஆமான்னு சொல்றதுக்கு வழியே இருக்கக் கூடாது."

நாடா சங்கதியைக் கேட்டதும் அவருக்குச் சந்தோஷம் தாங்கவில்லை. நிறத்துக்கு ஒரு நாடா உருளை கொடுங்கள் என்று வாங்கிக்கொண்டு போய், குட்டியின் நாற்காலிக்கு, அவள் போகவேண்டிய கழிப்பறைக் கதவுக்குப் பச்சை கட்டினார். ஆய்வுக்கூடக் கதவுக்குச் சிவப்பு. மிச்ச உருளைகளை ஆசிரியர் அறை அலமாரியில் வைத்தார். அந்த மிச்சம்தான் பிறகு இவர்கள் தலையில் விடிந்தது.

அன்று புதன்கிழமை, பக்கத்து டீச்சர் வராத நாள். பதினோரு மணிக்கு சலவைக்கூட மேற்பார்வையாளர் வந்து அம்மாக்காரியின் தோளைத் தட்டி, பள்ளிக்கூடத்திலிருந்து போன் என்று சைகை காட்டினார். எந்திரத்தில் பாதி போட்ட துணி அப்படியே நிற்க, இவள் ஏப்ரனோடு ஓடினாள். வெளியே நல்ல மழை. குடை எடுக்கவும் தோன்றவில்லை.

தலைமையாசிரியை அறையில் குட்டி ஒரு நாற்காலியில் உட்கார்ந்து, மேஜைமேல் இருந்த பேப்பர் வெயிட்டை உருட்டிக்கொண்டிருந்தாள். அம்மாவைப் பார்த்ததும் சிரித்தாள். விஷயம் இதுதான். அறிவியல் டீச்சரின் கைப்பை காணாமல் போயிருக்கிறது. அதற்குள் அடுத்த வாரப் பரீட்சைக் கேள்வித்தாள்கள். ஒரு மணி நேரம் பள்ளிக்கூடமே தலைகீழாகத் தேடியதில், குட்டி பையை மடியில் வைத்துக்கொண்டு வாசல் பெஞ்சில் உட்கார்ந்திருந்தாள். ஒளிக்கவுமில்லை, திறக்கவுமில்லை. விசாரித்து எழுதிய தாளை இவளிடம் கொடுத்தார்கள்.

பையை எடுத்தாயா? ஆமா. அது டீச்சரின் பை என்று தெரியுமா? ஆமா. உள்ளே கேள்வித்தாள் இருப்பது தெரிந்துதான் எடுத்தாயா? ஆமா. யாருக்காவது கொடுப்பதற்கா? ஆமா. கீழே குட்டியின் பெயர், கோணல் மாணலாக, பெரிய எழுத்தில்.

இவள் தாளைத் திருப்பி நீட்டினாள். "மேடம், இவகிட்ட நாளைக்கு சூரியன் வராதான்னு கேட்டாலும் ஆமாம்பா. இதை வச்சு எப்படி..."

தலைமையாசிரியை கெட்டவர் இல்லை. நாலு நாளாகத் தூங்காதவர் முகம். அவர் குட்டியிடம் திரும்பி, நீ எடுக்கலையா என்று கேட்டார். ஆமா என்றாள் குட்டி. அவர் கண்களைக் கசக்கிக்கொண்டார்.

"நூத்தி இருபது பிள்ளைங்களுக்குப் பரீட்சைம்மா. பேப்பர் வெளிய போச்சுன்னு பெத்தவங்க என் வாசல்ல நிப்பாங்க. நாளைக்குக் காலைல பத்து மணிக்கு மேலதிகாரி வர்றார். எழுதினது இதுதான். இதை மட்டும் பார்த்தா அவர் இவ பேரை அடிச்சுடுவார். இவளுக்கு இன்ன குறைன்னு டாக்டர் எழுதின பேப்பர் ஏதாவது இருந்தா கொண்டாங்க. சேர்க்கும்போதே கேட்டேன், பிரசவத்துல கஷ்டம்னு மட்டும் சொன்னீங்க."

இவள் கண் அலமாரிமேல் இருந்த அந்தக் கைப்பையில் நிலைகுத்தி நின்றுவிட்டது. ஜிப்பின் பிடி உடைந்து, அதற்குப் பதிலாக ஒரு துண்டு நாடா கட்டியிருந்தது. பச்சை நாடா. நடுவில் வெள்ளைக் கோடு. சலவைக்கூடத்து நாடாவுக்குத்தான் அந்தக் கோடு இருக்கும்.

எடுத்துக்கொண்டு போகலாம். குட்டி எடுத்துக்கொண்டு போயிருக்கிறாள்.

வீட்டுக்கு வந்து பெயிண்டரிடம் சொன்னபோது அவன் சுவரில் குத்தினான். பெயிண்டர் என்பது அவள் புருஷன்தான். கட்டடங்களுக்கு வர்ணம் அடிக்கிறவன், அவளே அவனை அப்படித்தான் கூப்பிடுவாள். மகள் என்றால் அவனுக்கு உயிர். குட்டிக்கு மூக்குக்கும் மேலுதட்டுக்கும் நடுவில் எல்லோருக்கும் இருக்கிற அந்தச் சின்னப் பள்ளம் கிடையாது, வழவழவென்று இருக்கும். உதடும் கோடு போட்ட மாதிரி மெலிசு. கைக்குழந்தையாக இருந்தபோதே அந்த இடத்தில் விரலால் தடவி, "எவனோ கெட்டிக்காரன் என் பொண்ணுக்கு இங்க பள்ளத்தை அடைச்சுப் பட்டி பார்த்து விட்டிருக்கான், நம்ம வேலைய விட சுத்தம்," என்பான். பதினைந்து வருஷமாக அதே கேலி. அவன் சொல்லும்போதெல்லாம் குட்டி சிரிப்பாள். அம்மாக்காரி அடுப்படிக்குப் போய்விடுவாள்.

சாயங்காலம் முழுக்க அவன் கொதித்துக்கொண்டிருந்தான். ரொட்டியும் முட்டையும் தட்டில் ஆறிப்போயின. நாடாவை அவர்கள் முகத்துக்கு நேரே காட்டு என்றான். பேரை அடித்துவிட்டால் என்ன செய்வது என்று பிறகு அவனே கேட்டான். இந்தப் பள்ளிக்கு முன்பு இரண்டு பள்ளிகள் கைவிரித்தாகிவிட்டது. வளர்ந்துவிட்டாள், இனிமேல் சலவைக்கூடத்தில் நாள் முழுக்க வைத்துக்கொள்ள விடமாட்டார்கள். இரண்டு பேரும் வேலைக்குப் போனபிறகு வீட்டில் ஒரு பதினைந்து வயதுப் பெண், கதவைத் தட்டி யார் வா என்றாலும் ஆமா என்று கூடப் போகிறவள். அதற்குமேல் நினைக்கவே கூடவில்லை.

"பேப்பர் கேட்டாங்களே, அப்படி ஏதும் இருக்கா?" என்று பெயிண்டர் கேட்டான். இல்லை என்றாள்.

இருந்தது. சலவைக்கூடத்தில் அவளுடைய இரும்பு அலமாரியில், சோப்புத்தூள் டப்பாவுக்கு அடியில், பாலிதீன் உறைக்குள் ஒன்பது வருஷமாக இருந்தது.

குட்டி வயிற்றில் இருந்தபோது பெயிண்டர் தூர தேசத்தில் உயரக் கட்டடங்களில் தொங்கிக்கொண்டிருந்தான். இவள் ஒரு ஹோட்டலின் விருந்து மண்டபத்தில் கண்ணாடி டம்ளர் கழுவினாள். பன்னிரண்டு மணி நேரம் நின்றபடி. கழுவ வருகிற டம்ளர்களில் மிச்சம் இருக்கும், பாட்டில்களிலும் இருக்கும். முதலில் கால் வலிக்கு இரண்டு மடக்கு. அப்புறம் தூக்கம் வருவதற்கு. அப்புறம் காரணமே வேண்டியிருக்கவில்லை. தெரியாமல் செய்தேன் என்று சொல்லிக்கொள்ள அவளுக்கும் ஆசைதான். ஆனால் ஆறாம் மாசம் ஒரு நர்ஸ் மூச்சு வாடையைப் பிடித்து, இதை விட்டுடு, உள்ளே இருக்கிறதுக்கும் போகும் என்று தெளிவாகச் சொன்னாள். பதினைந்து நாள் விட்டாள். பதினாறாம் நாள் மண்டபத்தில் பெரிய விருந்து.

குட்டிக்கு ஆறு வயதில் ஒரு பெண் டாக்டர் அந்த வழவழப்பான இடத்தையும் சின்னக் கண்களையும் பார்த்துவிட்டு, கதவைச் சாத்திவிட்டுக் கேட்டார். முதல் தடவை இல்லை என்றாள். இரண்டாம் தடவை அவர் கேட்கக்கூட இல்லை, சும்மா பார்த்தார். ஆமா என்றாள். அன்றோடு ஒரு சொட்டும் தொட்டதில்லை. தொடாமல் இருந்து இப்போது யாருக்கு என்ன லாபம்.

ராத்திரி எப்படியோ கழிந்தது. விடிந்ததும் முதல் ஷிப்டுக்கு முன்னாலேயே போய் அலமாரியைத் திறந்து உறையை எடுத்து இடுப்பில் செருகிக்கொண்டு வீட்டுக்குத் திரும்பினாள். பள்ளிக்குப் போகிற பஸ்ஸில் பெயிண்டரிடம் சொல்லிவிடலாம் என்றிருந்தாள். தனித்தனியாகத்தான் இடம் கிடைத்தது. இறங்கிய பிறகு சொல்லலாம் என்றிருந்தாள். இறங்கியதும் அவன் குட்டிக்குக் குடை பிடித்துக்கொண்டு முன்னால் போய்விட்டான். வாய்ப்பே கிடைக்கவில்லை என்று அவள் சொன்னால் நம்ப வேண்டியதில்லை.

அறையில் தலைமையாசிரியை, அறிவியல் டீச்சர், மேலதிகாரி. தனக்கு வேலையில்லாத நாளானாலும் பக்கத்து டீச்சரும் வந்திருந்தார். இவள் நாடாவைப் பற்றிச் சொன்னாள். வார்த்தை தடுமாறினாலும் விடாமல் முழுக்கச் சொன்னாள். அறிவியல் டீச்சர் முகம் வெளுத்து, ஜிப் உடைந்ததால் அலமாரியில் கிடந்த உருளையிலிருந்து ஒரு துண்டு வெட்டிக் கட்டினேன், அது எதற்கு என்று எனக்குத் தெரியாது என்றார். உண்மையைச் சொன்னார், அதற்கு அவரைக் கும்பிடலாம்.

மேலதிகாரி தலையை ஆட்டிக்கொண்டே கேட்டார். "நீங்க சொல்றது புரியுதும்மா. ஆனா பதினஞ்சு வயசுப் பொண்ணு நாடாவைப் பார்த்துப் பையை எடுத்தான்னு நான் எழுதினா மேல யார் நம்புவாங்க? இங்க நாலு ஆமா கையெழுத்தோட இருக்கு. டாக்டர் பேப்பர் எதுவும் இல்லையா?"

பெயிண்டர், இல்லை சார் என்று ஆரம்பித்தான். அவள் உறையை எடுத்து மேஜைமேல் வைத்தாள்.

மேலதிகாரி மனதுக்குள் படித்தார். படித்து முடித்து இவளைப் பார்த்த பார்வையில் கொஞ்சம் மாற்றம். பக்கத்து டீச்சர் புரிந்துகொண்டு, குட்டியை வெளியே கூட்டிப்போகட்டுமா என்றார். விசாரணையில் பிள்ளை இருக்க வேண்டும் என்பது விதி என்று மேலதிகாரி சொல்லிவிட்டார். பிறகு சத்தமாகப் படித்தார். தாய் கர்ப்ப காலத்தில் தொடர்ந்து மது அருந்தியதால் குழந்தையின் மூளைக்கு ஏற்பட்ட நிரந்தரப் பாதிப்பு.

"பழைய பேப்பர். இந்தக் காரணம் சரின்னு நீங்க ஒத்துக்கிட்டாத்தான் நான் இதைச் சேர்க்க முடியும். சரியா எழுதினதாம்மா?"

குட்டி அம்மாவையே பார்த்துக்கொண்டிருந்தாள். கேள்வி கேட்டால் என்ன சொல்லவேண்டும் என்று அவளுக்குத் தெரியும், அம்மாவுக்கு ஏன் இவ்வளவு நேரம் ஆகிறது என்றுதான் தெரியவில்லை.

"ஆமா," என்றாள் அம்மா.

பெயிண்டர் பெண்டாட்டி பக்கம் திரும்பவே இல்லை. மகளின் மேலுதட்டையே பார்த்தான். கையிலிருந்த குடை நழுவித் தரையில் விழுந்தது, அதை எடுக்கவும் இல்லை.

"பட்டி பார்த்திருக்கான்னு சொன்னேனேடி," என்றான். குரல் அவனுடையதாக இல்லை. "பதினஞ்சு வருஷமா சொல்லிச் சொல்லிச் சிரிச்சேனே. நீயும் கேட்டுக்கிட்டு நின்னியே."

எழுந்து வெளியே போய்விட்டான்.

மேலதிகாரி அந்த நாலு ஆமாவின் மேலும் ஒரு கோடு போட்டு, பக்கத்தில் ஏதோ எழுதிக் கையெழுத்துப் போட்டார். பேர் அடிபடவில்லை. குட்டி தனி அறையில், பக்கத்து டீச்சர் துணையோடு பரீட்சை எழுதலாம். அவர் வருகிற இரண்டு நாளை நாலு நாளாக்க மேலே எழுதிக் கேட்கிறோம், உறுதியாகச் சொல்ல முடியாது என்றார். இனி ஆசிரியர் யாரும் அந்த நாடாவைத் தொடக் கூடாது என்று தலைமையாசிரியை சொன்னார். கேட்க வந்தது கிடைத்துவிட்டது. அம்மாக்காரி நன்றி சொல்லிக் கையெழுத்துப் போட்டுவிட்டு, கீழே கிடந்த குடையை எடுத்துக்கொண்டாள்.

வாசல் பெஞ்சில் பெயிண்டர் இல்லை. தெருவிலும் இல்லை. மத்தியான ஷிப்டுக்குப் போகாவிட்டால் வேலைக்கே ஆபத்து. குட்டியைக் கூட்டிக்கொண்டு சலவைக்கூடத்துக்கு நடந்தாள். பாதி வழியில் குட்டி நின்றாள்.

"அம்மா, நான் உள்ள இருந்தப்ப நீ குடிச்சியாமே."

இவள் குடையை அவள் பக்கம் சாய்த்தாள்.

"எனக்கும் குடுத்தியா?"

அவள் வேண்டுமென்று கேட்கவில்லை. வீட்டில் எதைச் சாப்பிட்டாலும் குட்டிக்குக் கொடுத்தியா என்றுதானே கேட்பார்கள். நடுத்தெருவில், குடைக்கு வெளியே பாதி உடம்பு நனைய, அம்மா பதில் சொன்னாள்.

"ஆமாடி. உனக்கும் குடுத்தேன்."

குட்டி மறுபடி நடந்தாள். சலவைக்கூடத்தில் மேற்பார்வையாளர் பார்த்தும் பார்க்காத மாதிரி போய்விட்டார். குட்டி பழைய இடத்தில், மேஜை ஓரத்தில் ஏறி உட்கார்ந்து நாடாத் துண்டுகளை நிறம் பிரிக்க ஆரம்பித்தாள். அம்மா நாலு மூட்டை பிரித்தாள். ஐந்தாவதைப் பிரிக்கக் கை ஓடவில்லை. மகள் பக்கத்தில் போய்க் குனிந்து, எந்திரச் சத்தத்துக்கு மேலே கேட்டாள்.

"அம்மாவ மன்னிச்சிட்டியா?"

"ஆமா."

கேட்கும்போதே தெரிந்துதான் கேட்டாள். அந்த ஒரு வார்த்தை காதில் விழவேண்டும் என்றிருந்தது. விழுந்தது. நேற்று அந்தத் தாளில் இருந்த நாலும் எப்படியோ அப்படித்தான் இதுவும். வைத்துக்கொண்டு என்ன செய்வது.

ஏப்ரனில் முகத்தைத் துடைத்துக்கொண்டாள். பிறகு மூன்று துண்டு நாடாவை எடுத்து மேஜைமேல் வரிசையாக வைத்தாள். சிவப்பு, பச்சை, மஞ்சள். ஆமா சொல்வதற்கு வழியில்லாமல் கேட்டாள்.

"அம்மாவுக்கு எது?"

குட்டி சிரிக்கவில்லை. நாடாக்களை நெடுநேரம் பார்த்தாள். கை முதலில் சிவப்புக்குப் போனது. அதன்மேல் விரலை வைத்தாள். விரல் சிவப்பை விட்டுப் பச்சைக்கு வந்தது, பச்சையைக் கொஞ்சம் தள்ளி வைத்தது. மஞ்சளை எடுத்தாள். அம்மாவின் தோல் உரிந்த கையை இழுத்து, மணிக்கட்டில் சுற்றி, மூட்டைக்குப் போடுகிற அதே முடிச்சைப் போட்டு இறுக்கினாள்.

"கறை போகல," என்றாள், ஒரு விரிப்பைப் பற்றிச் சொல்வதுபோல. "மறுபடி போடணும்."

சிவப்பைக் கட்டவில்லையே என்று அம்மாவுக்கு அழுகை வந்தது. பச்சையைக் கட்டவில்லையே என்றும் வந்தது. இரண்டும் சேர்ந்து வந்ததில் எது எதற்கு என்று அவளுக்கே தெரியவில்லை.

"சரி," என்றாள். "போடலாம்."

மேஜையில் இன்னும் பதினோரு மூட்டைகள் இருந்தன. அவற்றைப் பிரித்து முடிக்கிறவரை நாடாவை அவிழ்க்கவில்லை. ஷிப்டு முடிந்து இருவரும் மேலே வந்தபோது பெயிண்டர் ஆஸ்பத்திரி வாசலில், மழைக்கு ஒதுங்காமல் நின்றிருந்தான். மகளின் பையை வாங்கித் தோளில் போட்டுக்கொண்டு, அவள் கையைப் பிடித்துக்கொண்டு நடந்தான். பெண்டாட்டியிடம் அன்றைக்குப் பேசவில்லை. மறுநாளும் பேசவில்லை.